ரெசொலூட் – கிறீஸ் ஃபியோர்ட்: ஆறு பிள்ளைகள், ஆறு தூரம். எது சரி?

வெள்ளவத்தை_புவியியல்:

உயர்தர வகுப்புக்கு ஒரு செயன்முறைப் பயிற்சி. வடக்கு என்றவுடன் பலாலியைக் கொடுத்தால் கணக்குப் பார்க்காமலே விடை சொல்லிவிடுவார்கள். ஆகவே வடக்குக்கும் வடக்கே போய், கனடாவின் நுனவுட்டில் இரண்டு ஊர்களைக் கொடுத்தேன். ஒன்று கோர்ன்வாலிஸ் தீவிலுள்ள ரெசொலூட், மற்றது எல்ஸ்மியர் தீவின் தென்கரையிலுள்ள கிறீஸ் ஃபியோர்ட். 2021 குடிசன மதிப்பின்படி முதல் ஊரில் 183 பேர், அடுத்ததில் 144 பேர். நுனவுட்டின் 25 ஊர்களில் எந்த இரண்டையும் வீதி இணைப்பதில்லை. எனவே தூரம் என்றால் அது ஆகாயத் தூரம்தான், குழப்பம் வராது என்று நினைத்தேன்.

விமான நிலையங்களின் ஆள்கூறுகளை, கிட்டிய கலைக்கு மட்டந்தட்டி, இப்படிக் கொடுத்தேன். ரெசொலூட் 74°43′ வடக்கு, 94°58′ மேற்கு. கிறீஸ் ஃபியோர்ட் 76°26′ வடக்கு, 82°55′ மேற்கு.

வந்த விடைகள் கிலோமீற்றரில்: 383.5, 385, 393, 394, 1,353. சுவர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்த பிள்ளை 1,500க்கு மேல் சொல்கிறது. எல்லோரும் செய்கையைக் காட்டியிருக்கிறார்கள், ஆனால் பாதிப் பேரின் செய்கை எனக்கே விளங்கவில்லை. பறப்பு நேரத்திலும் அதே கதை: அங்கே பறக்கும் சிறு விமானமான ட்வின் ஒட்டரின் வேகத்தால் வகுத்தவர்களுக்கு ஒன்றரை மணிக்குள் வருகிறது. இணையத்தில் ஒரு பயண அட்டவணையைப் பார்த்த பிள்ளையோ, 1 மணிக்குப் புறப்பட்டு 3.30க்குப் போய்ச் சேருவதாக இருக்கிறது, எனவே இரண்டரை மணி என்கிறது. எந்த விடைக்கு எத்தனை புள்ளி போடுவது?

கொட்டாஞ்சேனை_கணக்கு:

சேர், பிழைவிடைகள் எல்லாமே நல்ல விடைகள். ஒவ்வொன்றும் எங்கே வழுக்கியது என்பதை அந்த எண்ணே சொல்கிறது. முதலில் சரியானதைச் சைன் வர்க்க (haversine) முறையில் செய்து வைப்போம், பிறகு மற்றவற்றைப் பிடிக்கலாம்.

கலையை 60ஆல் வகுத்துத் தசமப் பாகைக்கு மாற்றுங்கள். 43/60 = 0.7167, ஆகவே 74.7167. அதேபோல 94.9667, 76.4333, 82.9167. அகலாங்கு வித்தியாசம் 1.7167 பாகை, நெட்டாங்கு வித்தியாசம் 12.05 பாகை. இரண்டையும் பாதியாக்கினால் 0.8583, 6.025. அவற்றின் சைன் வர்க்கங்கள் 0.0002244, 0.011017.

இனி இரண்டு அகலாங்குகளின் கோசைன்கள்: 0.2636, 0.2346. பெருக்கினால் 0.06183. இதை நெட்டாங்குப் பக்கத்துச் சைன் வர்க்கத்தோடு பெருக்க 0.0006812. அகலாங்குப் பக்கத்து 0.0002244ஐக் கூட்ட 0.0009056. வர்க்கமூலம் 0.03009. அதன் நேர்மாறு சைன் 1.7245 பாகை, இருமடங்கு 3.449 பாகை. கோள மையத்தில் ஒரு பாகை என்பது மேற்பரப்பில் 111.19 கி.மீ. ஆகவே 383.5 கி.மீ. கடல் மைலில் 207.

இப்போது பிழைகள். 1,353 எடுத்த பிள்ளை 12.05ஐ நேரே 111.19ஆல் பெருக்கி 1,340 கி.மீ. என்று வைத்து, வடக்குப் பக்கம் 191 கி.மீ.யோடு பைதகரசைப் போட்டிருக்கிறது. கொழும்பில் இப்படிச் செய்தால் யாருக்கும் தெரியவராது, ஏனென்றால் இங்கே நெட்டாங்கின் ஒரு பாகை 110 கி.மீ. அளவு. ரெசொலூட்டில் அதே ஒரு பாகை வெறும் 29 கி.மீ.தான். நெட்டாங்குக் கோடுகள் துருவத்தில் ஒன்றுகூடப் போகின்றன, அங்கே ஏற்கனவே நெருங்கிவிட்டன. சராசரி அகலாங்கு 75.575இன் கோசைன் 0.2491ஆல் 1,340ஐப் பெருக்கிவிட்டுப் பைதகரசைப் போட்டிருந்தால் 384.5 வந்திருக்கும். சரியான விடைக்கும் அதற்கும் ஒரு கிலோமீற்றர்தான் வித்தியாசம். அந்தப் பிள்ளை மறந்தது ஒரே ஒரு பெருக்கல், அதற்காக முழுப் புள்ளியையும் வெட்டாதீர்கள்.

394தான் உண்மையில் ஆபத்தான விடை. 74°43′ என்பதை 74.43 என்று எழுதியிருக்கிறது, நான்கு எண்களிலும் அதே வேலை. 1,353ஐப் பார்த்தால் யாரும் சந்தேகப்படுவார்கள், 394ஐப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டு ஊருக்கும் பிழை கிட்டத்தட்ட ஒரே பக்கமாகப் போனதால் தூரம் பத்துக் கிலோமீற்றரோடு தப்பிவிட்டது. ஆனால் ரெசொலூட்டின் அகலாங்கை மட்டும் பார்த்தால் 0.287 பாகை, அதாவது 32 கி.மீ. தெற்கே இறங்கிவிட்டது. ஓடுபாதை அங்கே இல்லை, கடல்தான் இருக்கும்.

393 வேறு வகை. அந்தப் பிள்ளை பழைய கோசைன் விதியால் போய், இடையில் நான்கு தசமதானத்துக்கு மட்டந்தட்டியிருக்க வேண்டும். இந்தத் தூரத்துக்குக் கோசைன் 0.99819. அதை 0.9982 என்று வைத்தால் 382 வரும், 0.9981 என்று வெட்டினால் 393 வரும். கடைசி இலக்கத்தில் ஒன்று மாறப் பத்துக் கிலோமீற்றர் போகிறது! கோணம் சிறிதாகும்போது கோசைன் ஒன்றை ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதுதான் காரணம். சைன் வர்க்க முறையில் அந்தத் தொல்லை இல்லை. கோசைன் விதியே வேண்டுமென்றால் எட்டுத் தசமதானம் வரை கணிப்பானிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், தாளில் எழுதித் திரும்ப அடிக்க வேண்டாம்.

எக்ஸெலில் செய்யும் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. அது கோணத்தை ஆரையனில்தான் எதிர்பார்க்கிறது. பாகையை அப்படியே போட்டால் வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது, சில வேளை நம்பும்படியாகவும் வந்து தொலைக்கும்.

பம்பலப்பிட்டி_வரைபடம்:

385க்கும் முழுப் புள்ளி போடுங்கள். இன்னும் சரியான விடை அதுதான். 383.5 பூமியை 6,371 கி.மீ. ஆரையுள்ள உருண்டையாகக் கொண்டது. நிசத்தில் துருவப் பக்கம் சற்றுத் தட்டை. தட்டையான இடத்தில் வளைவாரை கூடும். 75 பாகைக்கு மேல் அது 6,397 கி.மீ. அளவு. அதனால் அதே கோணத்துக்கு 0.4 வீதம் தூரம் கூடுகிறது, 1.6 கி.மீ. நீள்வட்டக் கோளத்தில் கணக்கிடும் தளங்கள் 385 காட்டுவது அதனால்தான். இங்கே இலங்கையில் மறுபக்கம்: வடக்குத் தெற்காக ஒரு பாகை 110.6 கி.மீ.தான், உருண்டைக் கணக்கு கொஞ்சம் கூட்டிச் சொல்லும்.

சுவர் வரைபடம் மேர்கேற்றர் எறியத்தில், அதாவது துருவப் பக்கம் போகப்போகப் பெருப்பித்துக் காட்டும் முறையில் வரைந்ததாக இருக்கும். அதில் ஒரு இடத்தின் நீட்டல் அதன் கோசைனின் தலைகீழ். 75.575 பாகையில் நான்கு மடங்கு. ஆகவே 383.5 கி.மீ. அங்கே 1,540 கி.மீ. போலத் தெரியும். மத்திய கோட்டு அளவுத்திட்டத்தால் அடிமட்டம் பிடித்தால் அந்தப் பிள்ளைக்கு வேறு விடை வர வழியே இல்லை. வகுப்பில் காட்ட ஒரு வழி: பருத்தித்துறையிலிருந்து தெய்வந்துறை வரை ஏறத்தாழ 430 கி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு நூலை வெட்டிக் கொண்டுபோய் ரெசொலூட்டில் வைத்தால், கிறீஸ் ஃபியோர்ட்டுக்குப் போக மூன்றரை நூல் வேண்டும். உண்மையில் ஒரு நூலே போதும், மிச்சமும் வரும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை பிறகு மேர்கேற்றரில் அடிமட்டம் வைக்காது.

இரத்மலானை_பறப்பு:

தூரம் முடிந்தது, நேரத்துக்கு வருவோம். நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். 207 கடல் மைலை 150 நொட்டால் வகுத்தால் 1.38 மணி, அதாவது 1 மணி 23 நிமிடம். ட்வின் ஒட்டருக்கு 150 நொட் நியாயமான எண்தான். ஆனால் அது காற்றில்லாத, சூடான நாளின் எண். அந்த ஊருக்கு அப்படி ஒரு நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் குளிர். ரெசொலூட்டில் பெப்ரவரிச் சராசரி −30 பாகைக்கும் கீழே. வேகமானியில் ஒரே எண்ணை வைத்துப் பறந்தால், குளிர் கூடக் கூட உண்மை வேகம் குறையும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. தொடர்பு தனி வெப்பநிலையின் வர்க்கமூலம். 5,000 அடியில் நியம வெப்பநிலை +5, அதாவது 278 கெல்வின். −30 என்றால் 243. 243/278இன் வர்க்கமூலம் 0.935. 150 நொட் 140 ஆகிவிட்டது, பறப்பு 1 மணி 29 நிமிடம். காற்றே அடிக்காமல் ஆறு நிமிடம் போய்விட்டது.

அடுத்தது காற்று. 30 நொட் எதிர்க்காற்று என்றால் 150இல் 120 மிஞ்சும், 1 மணி 44 நிமிடம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில், 180 நொட், 1 மணி 9 நிமிடம். பிள்ளைகள் "போகும்போது இழந்தது வரும்போது கிடைக்கும்" என்று எழுதுவார்கள். கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: 2 மணி 53 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 2 மணி 46. ஏழு நிமிடம் திரும்பி வரவேயில்லை. எதிர்க்காற்றில் பறக்கும் நேரம் நீளம், முதுகுக்காற்றில் குறுக்கம். கெட்ட காற்று அதிக நேரம் வேலை செய்கிறது. நல்ல வினா இது, சேர். தூரத்தைவிட இதற்குக் கூடப் புள்ளி வைக்கலாம்.

இவை ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும். ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்கும் வட்டம் எல்லாம் சேர்த்து 10 நிமிடம் கூட்டுங்கள். ஒன்றரை மணி என்று வாயால் சொல்வது அதனால் சரியாகத்தான் இருக்கிறது.

ஏன் ட்வின் ஒட்டர், ஏன் வேகமான விமானம் இல்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ரெசொலூட்டில் 6,500 அடிச் சரளைப் பாதை உண்டு, ஜெட்டும் இறங்கியிருக்கிறது. கிறீஸ் ஃபியோர்ட்டில் பாதை 1,700 அடிக்கும் குறைவு, அதுவும் சரளை, சுற்றிலும் மலை, ஒரு பக்கம் கடல். குறுகிய ஓட்டத்தில் எழும்பி இறங்கவென்றே செய்த விமானம் அல்லாமல் வேறெதுவும் அங்கே சரிவராது. மலை தெரியாவிட்டால் இறங்க முடியாது, போன வழியே திரும்ப வேண்டும். இடையில் ஒதுங்க ஊரும் இல்லை. கீழே டெவோன் தீவு. இலங்கையைவிடச் சற்றே சிறியது, ஆளில்லாத் தீவுகளில் உலகிலேயே பெரியது. அதைத் தாண்டினால் ஜோன்ஸ் நீரிணை.

ஆகவே எரிபொருள் போய்த் திரும்ப என்று போட வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 270 கிலோ. மூன்று மணிக்கு 810, மேலதிகமாக 45 நிமிட ஒதுக்கம் 200. ஆயிரம் கிலோ தாண்டிவிட்டது. ட்வின் ஒட்டர் 300 வகையின் உச்சப் புறப்பாட்டு எடை 5,670 கிலோ. விமானம், விமானிகள், குளிர்நாட்டுச் சாமான் எல்லாம் 3,600 கிலோவுக்கு மேல். மிஞ்சுவது ஒரு தொன் அளவு. 19 ஆசனம் இருந்தாலும் 19 பேரையும் பெட்டிகளோடு ஏற்ற முடியாது. எதிர்க்காற்று கூடினால் எரிபொருள் கூடும், முதலில் இறங்குவது சரக்கு, பிறகு ஆள். அந்த ஊர்க் கடையில் ஒரு வாரம் வாழைப்பழம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கழித்தல்தான்.

மருதானை_டிக்கெட்:

இரண்டரை மணிக்கு விடை சுருக்கம். அட்டவணையில் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். ரெசொலூட் கனடாவின் மத்திய நேரத்தில், கிறீஸ் ஃபியோர்ட் கிழக்கு நேரத்தில். ஒரு மணி வித்தியாசம். 1 மணிக்குப் புறப்பட்ட விமானம் ரெசொலூட் நேரப்படி 2.30க்கே இறங்கிவிட்டது. திரும்பும் பயணத்தின் அட்டவணையையும் அந்தப் பிள்ளை பார்த்திருந்தால் அரை மணியில் வந்து சேர்வதாகக் காட்டியிருக்கும். அப்போதே சந்தேகம் வந்திருக்கும். போக்கு, வரவு இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் நேர வலயத்தை அடித்துவிடுவதற்குச் சுலபமான வழி. வலயம் எது என்று தெரியாவிட்டாலும் விடை சரியாக வரும்.

கொழும்பிலிருந்து பார்த்தால் ரெசொலூட் குளிர்காலத்தில் நமக்கு 11 மணி 30 நிமிடம் பின்னால், கோடையில் 10.30. கிறீஸ் ஃபியோர்ட் 10.30, கோடையில் 9.30. நாம் மணிக்கூட்டை மாற்றுவதில்லை, அவர்கள் மார்ச்சில் இரண்டாம் ஞாயிறும் நவம்பரில் முதல் ஞாயிறும் மாற்றுகிறார்கள். எனவே வினாவில் மாதத்தைக் குறிப்பிடாமல் நேரம் கேட்காதீர்கள்.

"பயண நேரம்" என்று வினாவில் எழுதியிருந்தால் அந்தச் சொல்லையும் மாற்றுங்கள், சேர். பறப்பு நேரம் வேறு, பயண நேரம் வேறு. ஒட்டாவாவிலிருந்து நுனவுட்டின் தலைநகர் இக்கலுயிட் 2,100 கி.மீ., ஜெட்டில் மூன்று மணி. அங்கிருந்து ரெசொலூட் நேர்கோட்டில் 1,575 கி.மீ., சுழலி (டர்போபுரொப்) விமானத்தில் மூன்று மணிக்கு மேல். பிறகு உங்கள் 383. எல்லாவற்றையும் கூட்டினால் ஆகாயத்தில் எட்டு மணி. ஆனால் கடைசித் துண்டுக்குத் தினசரிச் சேவை கிடையாது. முந்திய விமானம் தாமதித்து இணைப்பு விட்டுப்போனால் அடுத்த நாள் இல்லை, அடுத்த சேவை நாள். எட்டு மணி எத்தனை நாளாகும் என்பதை முகில்தான் தீர்மானிக்கும்.

வெள்ளவத்தை_புவியியல்:

எல்லோருக்கும் நன்றி. 1,353க்குப் பாதிக்கு மேல் புள்ளி போட்டாயிற்று. ஒரு பிள்ளை இப்போது புதிதாகக் கேட்கிறது: கிறீஸ் ஃபியோர்ட் எந்தத் திசையில்? வரைபடத்தில் நேர்கோடு போட்டு 60 பாகை என்கிறது. திசைகாட்டியில் 60ஐ வைத்துப் பறந்தால் போய்ச் சேரலாமா?

கொட்டாஞ்சேனை_கணக்கு:

60 சராசரி. புறப்படும்போது உண்மை வடக்கிலிருந்து 54.5 பாகை, போய்ச் சேரும்போது 66. நேராகப் பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் திசை 383 கி.மீ.க்குள் கிட்டத்தட்ட 12 பாகை மாறுகிறது. விமானம் திரும்பவில்லை, வடக்குத்தான் திரும்புகிறது. மாற்றத்தின் அளவு நெட்டாங்கு வித்தியாசத்தைச் சராசரி அகலாங்கின் சைனால் பெருக்கினால் வரும்: 12.05 × 0.9685 = 11.7. கொழும்புப் பக்கம் சைன் 0.12தான், அதனால் இங்கே யாரும் இதைக் கவனிப்பதில்லை.

நிலையாக 60ஐப் பிடித்துப் போனாலும் கூடுதல் தூரம் ஒரு கிலோமீற்றருக்குள்தான். பெருவட்டப் பாதை (கோளத்தில் மிகக் குறுகிய வழி), சமதிசைப் பாதை (ஒரே திசையைப் பிடித்துப் போகும் வழி) என்று புத்தகத்தில் பெரிதாகப் படம் போடுவார்கள். இந்தத் தூரத்துக்கு அது காசு பெறாத வித்தியாசம். திசை மாற்றம் பெரிது, தூர மாற்றம் சிறிது, இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்.

இரத்மலானை_பறப்பு:

தூரத்தில் காசு பெறாது, சரி. ஆனால் "திசைகாட்டியில் 60" என்பது அங்கே நடக்காது. காந்த வடமுனையை 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ரொஸ் கண்டது பூத்தியாக் குடாநாட்டில், அதாவது ரெசொலூட்டுக்குத் தெற்கே. பிறகு அது இந்தத் தீவுகளினூடாகவே வடக்கே நகர்ந்து இப்போது சைபீரியப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. முனைக்குக் கிட்டக் காந்தப்புலம் கீழ்நோக்கி இழுக்குமே தவிரக் கிடையாக இழுக்காது, ஊசி சோம்பி ஆடும். அதனால் கனடாவின் வடக்கு வான்பரப்பில் எல்லாத் திசைகளும் உண்மை வடக்கிலிருந்தே. ஓடுபாதை எண்ணுக்குப் பின்னால் T (true, உண்மை) என்ற எழுத்துப் போடுவது அதைக் காட்டத்தான்.

காந்தம் இல்லாவிட்டால் சுழல்காட்டி, அதாவது வேகமாகச் சுழலும் சில்லால் திசையைப் பிடித்து வைக்கும் கருவி (gyro). அதையும் சும்மா விட முடியாது. அது விண்வெளியில் ஒரே திசையைப் பிடித்து நிற்கும், அதன் கீழே பூமி சுழலும். விலகல் மணிக்கு 15 பாகை × அகலாங்கின் சைன். கொழும்பில் 1.8 பாகை, இந்தப் பாதையில் 14.5. திருத்தாமல் விட்டால் ஒரு பறப்பில் 20 பாகை. விலகல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதால் சராசரி 10 என்று வைத்தாலும், போய்ச் சேருமிடம் 65 கி.மீ. பக்கமாகத் தள்ளிவிடும். அகலாங்கைச் செருகித் திருத்துவார்கள், இடையிடையே ஜிபிஎஸ் தடத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்வார்கள்.

கிரேண்ட்பாஸ்_வாசகர்:

ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? பெட்டியில் ஊர்ப் பெயரை அடித்தால் போதாதா?

இரத்மலானை_பறப்பு:

பெட்டி இருந்த விமானமும் விழுந்திருக்கிறது. 2011 ஓகஸ்ட் 20இல் ரெசொலூட்டில் இறங்க வந்த ஒரு 737 பாதையை விட்டு விலகி, ஓடுபாதைக்குக் கிழக்கே குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். விசாரணையில் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து வந்தன, அவற்றில் ஒன்று திசைமானி உண்மைத் திசையிலிருந்து 17 பாகை விலகி நின்றது. ஜிபிஎஸ் ஒன்று சொல்ல, திசைமானி ஒன்று சொல்ல, எதை நம்புவது என்று முடிவெடுக்க நேரம் போதாது. அதனால்தான் இறங்கத் தொடங்கு முன்னமே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

உயரமானியும் அப்படியே. நியமத்தைவிடக் குளிர் ஒவ்வொரு 10 பாகைக்கும் உண்மை உயரம் 4 வீதம் குறையும். தரையில் −30 என்றால், நிலையத்துக்கு மேல் 1,000 அடி என்று காட்டும்போது திருத்தம் 190 அடி. காட்டுவது 1,000, இருப்பது 800 சொச்சம். கிறீஸ் ஃபியோர்ட் போல மலை சூழ்ந்த இடத்தில் அந்த 190ஐக் கூட்டிக்கொள்ளாமல் இறங்குவதில்லை. நவம்பர் தொடக்கம் முதல் பெப்ரவரி தொடக்கம் வரை சூரியனே எழாது, மலையைக் கண்ணால் காண்பதும் அருமை.

பம்பலப்பிட்டி_வரைபடம்:

பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரின் பொருளையும் சொல்லுங்கள். இனுயிட் மக்கள் ரெசொலூட்டைக் கவுசுயிட்டுக் என்கிறார்கள், விடியல் இல்லாத இடம். கிறீஸ் ஃபியோர்ட் அவுயுயிட்டுக், ஒருபோதும் உருகாத இடம். ஆனால் அவர்கள் விரும்பிப் போய்க் குடியேறிய ஊர்கள் இல்லை இவை. 1953இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து கனடா அரசு குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கியது. அரசு மன்னிப்புக் கேட்டது 2010 ஓகஸ்டில். தூரக் கணக்கில் இது வராது, இருந்தாலும் 144 பேர் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்கத்தான் செய்யும்.

வெள்ளவத்தை_புவியியல்:

வினாவை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"74°43′ வடக்கு, 94°58′ என்ற புள்ளியிலிருந்து 76°26′ வடக்கு, 82°55′ என்ற புள்ளிக்கு ஒரு விமானம் 150 நொட் உண்மை வேகத்தில் பறக்கிறது. பூமியை 6,371 கி.மீ. ஆரையுள்ள கோளமாகக் கொண்டு, அ) பெருவட்டத் தூரத்தைக் கிட்டிய கிலோமீற்றருக்குக் காண்க. ஆ) 30 நொட் எதிர்க்காற்றில் போய், அதே காற்றில் திரும்பிவர எடுக்கும் மொத்தப் பறப்பு நேரம் யாது? காற்றில்லாத நாளைவிட அது கூடுவது ஏன்? இ) மேர்கேற்றர் வரைபடத்தில் இத்தூரம் எத்தனை மடங்காகத் தோன்றும்?"

கொட்டாஞ்சேனை_கணக்கு:

நெட்டாங்குக்கு மேற்கு என்று போடவில்லை, சேர். ஒரு பிள்ளை இரண்டையும் கிழக்கு என்று எடுத்தால் அதே 383.5 வரும், புள்ளி போட்டுவிடுவீர்கள். ஆனால் விமானம் ரஷ்யாவின் தைமிர் தீபகற்பத்திலிருந்து கிளம்பிக் காராக் கடலுக்குள் இறங்கியிருக்கும். ஒன்றைக் கிழக்கு, மற்றதை மேற்கு என்று எடுக்கிற பிள்ளைக்குத் துருவத்துக்கு மேலால் போய் 3,200 கி.மீ. வரும். அது வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.